முதல் நாள்: ஓய்வு

பெர்காமோ, இத்தாலி
5 மார்ச் 2023

மார்லேனி,

போனில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று உன் பெரியம்மா தோமாசா சொன்னாள். நல்லது. பார்சல் கடை ஹிலாரியா மாதாமாதம் லா பாஸுக்குப் போய் வருகிறாள். இந்தக் கடிதம் அவள் பெட்டிக்குள் வருகிறது, அதைத் தடுக்க உன்னால் முடியாது. கிழித்துப் போடுவதானாலும் முழுசாகப் படித்துவிட்டுக் கிழி.

ஜூலையில் எனக்கு லீவு தருகிறார்கள். நான் பார்த்துக்கொள்கிற கிழவியை, சின்யோரா கார்லாவை, அவள் மகன் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறானாம். "நீ வேணும்னா ஊருக்குப் போயிட்டு வா பெலிசா" என்று அவனே வாயைத் திறந்து சொன்னான். பதினேழு வருஷத்தில் இந்த வார்த்தையை யாரும் என்னிடம் சொன்னதில்லை. மறுநாளே போய் டிக்கெட் விசாரித்துவிட்டேன்.

அம்மா என்று சொல்லிக்கொண்டு வந்தால் கதவைத் திறக்க மாட்டாய் என்று தெரியும். சரி, அப்படியே இருக்கட்டும். நீ வெள்ளைக்காரர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறவள்தானே? நானும் உன் வாடிக்கையாளராகவே வருகிறேன். ஒரு வாரம் லா பாஸைச் சுற்றிக் காட்டு. நான் கிளம்பும்போது ஊர் தலைக்கு மேல் கேபிள் கார் ஓடவில்லை. பிளாசா சதுக்கத்தில் இருக்கும் கடிகாரம் இடப்பக்கமாகச் சுற்றவில்லை. இதையெல்லாம் நான் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாதா?

உன் மகள் அபிகாயிலுக்கு மூன்று வயசு ஆகப்போகிறது என்று தெரியும். அவளைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதை நன்றாகக் குறித்துக்கொள்.

ஒரு வாரத்துக்குத் திட்டம் போட்டு அனுப்பு.

உன்னைப் பெற்றவள்,
பெலிசா

*

எல் ஆல்தோ
28 மார்ச் 2023

மதிப்புக்குரிய பெலிசா சுக்கிமியா அம்மையாருக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் கேட்டபடி ஒரு வாரத் திட்டம் கீழே.

திங்கள், ஜூலை 17. வருகை, ஓய்வு. விமான நிலையம் எல் ஆல்தோவில் இருக்கிறது, நாலாயிரம் மீட்டருக்கும் மேலே, அங்கே காற்று மெலிது. அங்கே நிற்காமல் காரில் நேராகக் கீழே தென்பகுதி ஹோட்டலுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளவும். கோக்கா இலைத் தேநீர் தருவார்கள். குளிக்க வேண்டாம், கனமாகச் சாப்பிட வேண்டாம், படி ஏற வேண்டாம்.

செவ்வாய். சான் பிரான்சிஸ்கோ தேவாலயம், பக்கத்தில் மந்திரக் கடைத் தெரு. மெதுவாக நடக்கவும்.

புதன். கேபிள் கார். சிவப்பு வண்டி எல் ஆல்தோ வரை ஏறும். அங்கே இறங்காமல் அதே வண்டியில் திரும்பவும்.

வியாழன். நிலாப் பள்ளத்தாக்கு. வெள்ளி. பிளாசா, தலைகீழ்க் கடிகாரம், பழைய வீதிகள்.

சனி. திதிகாக்கா ஏரி. பஸ் விடிகாலை ஆறு மணிக்குக் கிளம்பும். திரும்ப இரவு ஒன்பது ஆகும்.

ஞாயிறு. விமானம்.

எல் ஆல்தோ இந்தத் திட்டத்தில் இல்லை. அங்கே பார்க்க ஒன்றுமில்லை. தங்களுக்கு வழிகாட்டியாகத் திரு. ரெமிஹியோ வருவார். என்னைவிடப் பொறுமைசாலி.

இப்படிக்கு,
மார்லேனி
சுற்றுலா வழிகாட்டி

*

பெர்காமோ
16 ஏப்ரல் 2023

அடி மார்லேனி,

எல் ஆல்தோவில் பார்க்க ஒன்றுமில்லையா? உன்னைப் பெற்றது எங்கே என்று நினைத்தாய், பாரிஸிலா? அந்த வீட்டின் முதல் மாடிக்குச் செங்கல் சுமந்தவள் நான். இப்போது அதே ஊரை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, இறங்காமல் திரும்ப வேண்டுமாம். நன்றாயிருக்கிறதடி உன் சுற்றுலா!

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். முதல் நாள் ஓய்வு என்று போட்டிருக்கிறாயே, யாருக்கு ஓய்வு? உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு கேஸ் சிலிண்டரை முதுகில் கட்டி மூன்று தெரு ஏறினவள் நான். மூச்சு வாங்குவதெல்லாம் அந்தச் சிவந்த மூக்குக்காரர்களுக்கு. பஸ்ஸை விட்டு இறங்கியதும் நடைபாதையில் உட்கார்ந்து வாந்தி எடுப்பார்களே, அவர்களை நாங்கள் பார்த்துச் சிரிப்போம். என்னையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டாய். வெளிநாட்டுக்காரிக்குக் கொடுக்கிற கோக்கா தேநீர் எனக்கா?

அடுத்தது சனிக்கிழமை. ஆறு மணிக்குப் போய் ஒன்பது மணிக்கு வருகிற பஸ்ஸில் என்னை ஏரிக்கு ஏன் ஏற்றி விடுகிறாய் என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு தோமாசாவுக்குப் போன் போட்டேன். அவளுக்குப் பொய் சொல்ல வராது. "ஐயோ, அன்னைக்குத்தான பாப்பாவுக்கு முடி வெட்டுறோம்" என்று கொட்டிவிட்டாள்.

பிறந்ததிலிருந்து கத்தரி படாத தலை. முதல் கொத்தை ஞானத்தாய் வெட்டுவாள், அப்புறம் சொந்தபந்தம் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு கொத்து. யார் வெட்டுகிறார்களோ அவர்களெல்லாம் அந்தப் பிள்ளைக்கு ஆயுசு முழுக்க ஆட்கள். இது உனக்குத் தெரியாதா? தெரிந்துதானே தேதி பார்த்து என்னை ஏரியில் தள்ளினாய்! உனக்கு முடி வெட்டினபோது உன் ஞானத்தகப்பன் விரலைக் கடித்து வைத்தாய். அன்றைக்கு உன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தது இந்தக் கைதான்.

எனக்கு ஏரி வேண்டாம். கடிகாரம் வேண்டாம். சனிக்கிழமை ஒரு கொத்து முடி. அவ்வளவுதான் கேட்கிறேன்.

பெலிசா

*

எல் ஆல்தோ
6 மே 2023

மதிப்புக்குரிய அம்மையாருக்கு,

கடிதம் கிடைத்தது. பெரியம்மாவுடன் இரண்டு நாளாக நான் பேசவில்லை. அந்தப் புண்ணியமும் உங்களுக்கே.

முடி வெட்டுகிறவர்களின் பட்டியல் தயாராகிவிட்டது. ஞானத்தாய். பெரியம்மா. என் கணவர் வில்மரின் அப்பா, அம்மா, இரண்டு தங்கைகள். எதிர்வீட்டு நத்திவிதாத் அக்கா, ஏனென்றால் பிள்ளைக்கு ஜுரம் வந்தபோது மூன்று நாள் எங்களோடு கண்விழித்தவள் அவள். அந்த நேரத்தில் கூட இருந்தவர்கள் எல்லோர் பெயரும் பட்டியலில் இருக்கிறது. உங்கள் பெயர் இல்லை. ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன், நீங்களே சொல்ல வைத்துவிட்டீர்கள். எனக்குப் பதினைந்து வயது முடிந்த நாள். கொண்டாட்டத்துக்கு வருகிறேன் என்று நீங்களே போனில் சொன்னீர்கள். நீல கவுனைப் போட்டுக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனேன். கையில் ஒரு அட்டை, "நல்வரவு அம்மா" என்று எழுதி ஓரமெல்லாம் பூ வரைந்திருந்தேன். முகம் மறந்திருந்தால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் அந்த அட்டை. ஆட்கள் எல்லோரும் வெளியே வந்து முடிந்தது. தரை துடைக்கிற அம்மாள் வந்து கேட்டாள்.

"யாருக்கும்மா நிக்கிறே? பிளேன்ல வந்தவங்க எல்லாம் போயாச்சே."

"எங்கம்மாவுக்கு."

"சரியாப் பாத்தியா? உன்னைப் பாக்காம போயிருப்பாங்களோ?"

பெரியம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "வாடி கண்ணு, கேக்கு கெட்டுப் போயிடும்." கேக்கைப் பற்றி அவள் கவலைப்பட்டாள் என்று நினைத்தீர்களா? அழுதுகொண்டே இழுத்தாள்.

இப்போது விமான நிலையத்தில் அட்டை பிடிப்பதுதான் என் தொழில். வருகிறவர்கள் எல்லோரும் வந்துவிடுகிறார்கள். அதில் ஒரு நிம்மதி.

ஓய்வு விஷயத்தில் பேரம் கிடையாது. நீங்கள் எங்கே பிறந்தீர்கள் என்று மலை விசாரிக்காது. பதினேழு வருஷமாகத் தாழ்வான ஊரில் மூச்சு விடுகிறீர்கள். எங்கள் நிறுவனத்தில் முதல் நாள் படுக்காதவர்களுக்கு மறுநாள் சுற்றுலா இல்லை. யாராயிருந்தாலும்.

மார்லேனி

*

பெர்காமோ
25 மே 2023

மார்லேனி,

உன் கடிதத்தை சின்யோரா கார்லாவின் சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். சூப் அடிப்பிடித்துப் போனது. கிழவி மூன்று நாளாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உன் பதினைந்தாவது பிறந்தநாளுக்கு நான் கிளம்பவில்லை என்று இதுவரை நினைத்திருக்கிறாய். நான் கிளம்பினேன். மிலான் விமான நிலையம் வரை போனேன். பெட்டியில் உனக்கு வெள்ளைச் செருப்பு. அதுவரை இங்கே தங்க எனக்குப் பேப்பர் கிடையாது, அன்றைக்கும் பாதிதான் வந்திருந்தது. வரிசையில் நிற்கும்போது வக்கீல் போன் செய்தான். "இப்ப வெளிய போனீங்கன்னா திரும்ப உள்ள வர முடியாது. அப்புறம் என்கிட்ட வந்து அழாதீங்க" என்றான். நான் வரிசையை விட்டு விலகினேன். விலகினது நான்தான், வேறு யாரும் என்னைத் தள்ளவில்லை. வீட்டின் மேல் இரண்டு மாடி, உன் படிப்பு, தோமாசாவின் கண் ஆபரேஷன், எல்லாம் அந்த வரிசையில் என் கூட நின்றது. இதையெல்லாம் சொல்லிக்காட்டக் கூடாது என்றுதான் இத்தனை வருஷம் இருந்தேன். சொல்லிக்காட்டிவிட்டேன், போ.

அன்றைக்கு உன்னைக் கூப்பிட்டுச் சொல்ல வாய் வரவில்லை. வெட்கம். அடுத்த நாள் கூப்பிட்டபோது நீ எடுக்கவில்லை. எட்டு வருஷமாக எடுக்கவில்லை. பிடிவாதத்தில் என்னையே உரித்துவைத்திருக்கிறாய்.

மன்னிப்பு கேட்கவில்லை. கேட்டால் நீ தரமாட்டாய், தராவிட்டால் எனக்கு ஆத்திரம் வரும், எதற்கு அந்த வம்பு? ஜுரத்துக்குக் கண்விழித்தவர்கள் பட்டியலில் நான் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். இங்கே யாரோ பெற்ற கிழவிக்கு ராத்திரி ராத்திரியாகக் கண்விழித்தேன், அதற்கு எங்கேயும் பட்டியல் கிடையாது. என் பேத்தியின் தலையில் ஒரே ஒரு கொத்து. பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்திலிருந்து கொடுத்தாலும் போதும். அது இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு நான் யாருமே இல்லை, போட்டோவில் இருக்கிற ஒருத்தி.

டிக்கெட் எடுத்தாயிற்று. இந்தத் தடவை எந்த வக்கீல் கூப்பிட்டாலும் போனை எடுக்க மாட்டேன்.

பெலிசா

*

எல் ஆல்தோ
12 ஜூன் 2023

அம்மையாருக்கு,

வெள்ளைச் செருப்பு என்ன அளவு என்று நீங்கள் எழுதவில்லை. தெரிந்திருக்காது.

திருத்திய திட்டம்: சனிக்கிழமை ஏரி ரத்து. பகல் பதினொன்று முதல் ஒரு மணி வரை எங்கள் வீடு, மூன்றாம் மாடி. பட்டியலில் கடைசி ஆளாக ஒரு கொத்து. அழக் கூடாது. பிள்ளையைத் தூக்கக் கூடாது, அவளுக்கு உங்களைத் தெரியாது. வில்மர் வீட்டாரிடம் பழைய கதை எதுவும் பேசக் கூடாது.

ஒரு நிபந்தனை. திங்களும் செவ்வாயும் கீழே ஹோட்டலில் முழு ஓய்வு. சனிக்கிழமைக்கு முன்னால் எல் ஆல்தோவில் கால் வைக்கக் கூடாது. மீறினால் சனிக்கிழமை இல்லை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மார்லேனி

*

லா பாஸ், ஹோட்டல்
திங்கள், 17 ஜூலை 2023

மார்லேனி,

சாயங்காலம் விசாரிக்க வருவாய் என்று ரெமிஹியோ சொன்னார். வந்தால் வரவேற்பு மேசையில் இதை உன்னிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

விமான நிலையத்தில் அவர்தான் அட்டை பிடித்திருந்தார். "திருமதி பெலிசா சுக்கிமியா." ஒரு பிழை இல்லாமல் எழுதியிருந்தாய், உன் கையெழுத்துதான். நான் அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகூடப் பார்த்தேன். "யாராவது வரணுமாம்மா?" என்று கேட்டார் பாவம். இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்த நீல கவுன் அட்டைக்காரிக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று கொஞ்சம் புரிந்தது, கொஞ்சம்தான்.

படுங்கம்மா படுங்கம்மா என்று சொல்லிச் சொல்லிப் படுக்க வைத்துவிட்டுப் போனார். படுத்தேன். இரண்டு மணி நேரம் கூரையைப் பார்த்தேன். எனக்கு ஒன்றுமே இல்லை. தலை லேசாக இருக்கிறது, பதினெட்டு வயசில் இருந்த மாதிரி. இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்! ஜன்னலுக்கு வெளியே கேபிள் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே போகின்றன. எல்லாம் என் வீட்டுப் பக்கம்தான் போகின்றன. நான் மட்டும் வெளிநாட்டுக்காரி மாதிரி போர்த்திக்கொண்டு கிடக்கிறேன்.

ஒரு எட்டு மேலே போய்விட்டு வருகிறேன். உள்ளே வரமாட்டேன். நம் தெருவில் நின்று கீழே இருந்து மாடியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். நீ வேலையிலிருந்து வருவதற்குள் மறுபடி இங்கே படுத்திருப்பேன். நீ இந்தச் சீட்டைப் படிக்க வேண்டியே வராது.

பெலிசா

*

எல் ஆல்தோ
வியாழன், 20 ஜூலை 2023

இதை உன் பெட்டியில் துணிக்கு மேலே வைக்கிறேன். கீழே, தாழ்வான சாந்தா குரூஸில் இறங்கி, மூச்சு சரியானதும் படி.

எனக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை, அவ்வளவு ஆத்திரம். தெருவில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறவள் எதற்காகச் சந்தைக்குப் போனாய்? எதற்காக ஒரு பை நிறைய மராக்கேத்தா ரொட்டி? நத்திவிதாத் அக்கா உன்னை மூன்று தெருவில் பார்த்திருக்கிறாள். தேர் மாதிரி எல்லோரிடமும் நின்று நின்று பேசியிருக்கிறாய். சுமையைத் தூக்கிக்கொண்டு படியேறியிருக்கிறாய். பகல் மூன்று மணிக்குப் பெரியம்மா குப்பை போட வெளியே வந்தவள் இரண்டாம் மாடித் திருப்பத்தில் உன்னைப் பார்த்தாள். உதடெல்லாம் நீலம். நுரை நுரையாக இருமிக்கொண்டு, ரொட்டிப் பையை மட்டும் விடாமல் பிடித்திருந்தாயாம்.

டாக்டர் பெண் என் வயசுதான் இருப்பாள். நான், "இவங்க இங்கதான் டாக்டர் பிறந்தாங்க, நாப்பது சொச்சம் வயசுதான் ஆகுது" என்று உளறினேன். அவள் எழுதிக்கொண்டே சொன்னாள்: "இங்க பிறந்தவங்கதான் இப்படி வர்றாங்க. வெளிநாட்டுக்காரங்ககிட்ட படுங்கன்னா படுத்துக்குவாங்க. நம்ம ஆளுங்க ஊருக்கு வந்ததும் மூட்டையைத் தூக்குவாங்க. நுரையீரல்ல தண்ணி சேந்திருக்கு. உடனே கீழ இறக்கணும், இல்லன்னா நான் பொறுப்பில்ல."

ஒரு தாளைக் கொடுத்தார்கள். நோயாளியின் பெயர் எழுதினேன். கூட வந்தவர், உறவு, என்று இரண்டு கட்டம். "வழிகாட்டி" என்று எழுதினேன். நர்ஸ் திருப்பிக் கொடுத்துவிட்டாள், குடும்பத்து ஆள் கையெழுத்து போட்டால்தான் ஆக்ஸிஜனோடு விமானத்தில் ஏற்றுவார்களாம். அடித்துவிட்டு "மகள்" என்று எழுதினேன். கையெழுத்துக்காக எழுதினேன், வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதே.

அபிகாயில் உன்னைப் பார்த்தாள். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். "இந்தம்மா ஏன் மீன் மாதிரி வாயைத் திறக்குது?" என்று கேட்டாள். இதுதான் அவள் உன்னைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை. நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்.

இனி உனக்குச் சனிக்கிழமை இல்லை. நான் பறிக்கவில்லை. இரண்டே இரண்டு நாள் படுத்திருக்கச் சொன்னேன். பதினேழு வருஷம் தள்ளி இருக்க முடிந்த உன்னால் இரண்டு நாள் படுத்திருக்க முடியவில்லையா? செத்திருப்பாய். என் வீட்டுப் படியில். வந்த அன்றைக்கே, ஒரு வார்த்தை பேசாமல், இன்னொரு தடவை என்னை நிற்க வைத்துவிட்டுப் போயிருப்பாய்!

ரொட்டியைச் சாப்பிட்டோம். காய்ந்துபோயிருந்தது.

மார்லேனி

*

சாந்தா குரூஸ்
சனிக்கிழமை, 22 ஜூலை 2023

மார்லேனி,

இங்கே ஒரே வெக்கை. மூச்சு திருட்டுத்தனமாகத் திரும்பி வந்துவிட்டது. தோமாசாவின் நாத்தனார் வீட்டு முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்கு விமானம்.

மணி பதினொன்றரை. இப்போது பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்திருப்பீர்கள். ஞானத்தாய் கத்தரிக்கோலைத் தூக்கியிருப்பாள். ஒரு மாதம் தள்ளி வைத்தால் வானம் இடிந்து விழுந்துவிடுமா? வில்மர் வீட்டார் ஆட்டை வெட்டிவிட்டார்கள், பீர் வந்து இறங்கிவிட்டது, தெரியும். ஆடு என்னைவிடப் பெரிய ஆள்தான். என்றாலும் நீ ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்திருக்கலாம். கேட்டிருக்க மாட்டாய்.

திட்டி எழுதியிருக்கிறாய். எழுதியதெல்லாம் சரி. ஒன்றை மட்டும் சொல்கிறேன். சந்தைக்குள் நுழையும்போதே மார்பில் ஏதோ அடைத்தது. எனக்குத் தெரிந்தது. உட்கார வெட்கமாக இருந்தது. எல்லோரும், "வந்துட்டியா பெலிசா, ஆளே மாறலியே" என்கிறார்கள், அவர்கள் எதிரில் நடைபாதையில் உட்கார்ந்தால் என்ன நினைப்பார்கள்? ரொட்டி வேறு சுடச்சுட இருந்தது. சரி, வாசலில் மாட்டிவிட்டு வந்துவிடலாம் என்று ஏறினேன். இரண்டாவது திருப்பத்தில் கால் நகரவில்லை. மேலே குழந்தை யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "என்னோடது, என்னோடது!" குரல் அப்படியே நீதான். எண்ணிப் பார்த்தேன், இன்னும் பன்னிரண்டு படி. ஆறாயிரம் மைல் வந்தவளுக்குப் பன்னிரண்டு படி ஏற முடியவில்லை.

இங்கே உள்ள டாக்டர் இனி மேலே போகவே வேண்டாம் என்கிறார். மறுபடி போனால் மறுபடி இதே கதைதானாம். ஆக உனக்கு இனிமேல் என்னால் தொந்தரவில்லை. எல் ஆல்தோ திட்டத்தில் இல்லை என்று நீ எழுதினாய், மலையும் உன் கட்சியில் சேர்ந்துகொண்டது. கேபிள் காரை மட்டும் பார்த்தேன். நன்றாக இருந்தது.

மணி ஒன்று. முடிந்திருக்கும். தலை லேசானதும் பிள்ளைகள் தடவிப் பார்த்துக்கொண்டே திரிவார்கள். குளிரும், குல்லாய் போட்டுவிடு.

அம்மா

*

எல் ஆல்தோ
9 ஆகஸ்ட் 2023

கீழே உள்ளது ஒரு வாரச் சுற்றுலாத் திட்டம். ஊர்: சாந்தா குரூஸ். உயரம் நானூறு மீட்டர், டாக்டர் பெண்ணிடம் கேட்டுவிட்டேன். மாதம்: உனக்கு எப்போது லீவு தருகிறார்களோ அப்போது. அந்தக் கிழவியை அவள் மகன் மறுபடி கடற்கரைக்குக் கூட்டிப்போகட்டும், இல்லாவிட்டால் நானே அவனுக்கு எழுதுகிறேன்.

முதல் நாள்: ஓய்வு. உனக்கில்லை, எங்களுக்கு. மேலேயிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு அந்த வெக்கையில் தலை சுற்றுமாம். நான் அந்த ஊருக்குப் போனதே கிடையாது, எனக்கு அங்கே ஒரு தெருவும் தெரியாது. நம் இரண்டு பேரில் யாரும் அங்கே ஊர்க்காரி இல்லை. அது நல்லதுதான், யாரும் யாரையும் வாசலில் நிற்க வைக்க முடியாது.

இரண்டாம் நாள் மணல்மேடு. மூன்றாம் நாள் மிருகக் காட்சிசாலை, அபிகாயிலுக்காக. நாலாம் நாள் ஆறு. ஐந்தாம் நாள் சண்டை போடுவதற்கு ஒதுக்கியிருக்கிறேன், எட்டு வருஷத்துப் பாக்கி ஒரு நாளில் தீராது, ஆனால் ஆரம்பிக்கலாம். வெள்ளைச் செருப்பு இன்னும் உன்னிடம் இருந்தால் கொண்டு வா. எனக்குப் பத்தாது. எந்த அளவு வாங்கினாய் என்று பார்க்க வேண்டும். நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று பெரியம்மாவிடம் போய்ச் சொல்லிக்கொண்டிருக்காதே. மன்னிக்கவில்லை.

சனிக்கிழமை நடந்ததைக் கேட்டுக்கொள். ஞானத்தாய் முதல் கொத்தை வெட்டினாள், அபிகாயில் அவளைக் கடிக்கவில்லை, உதைத்தாள். பெரியம்மா வெட்டினாள், வில்மர் வீட்டார் வெட்டினார்கள், நத்திவிதாத் அக்கா வெட்டினாள். மிச்சத்தை மழிக்க நாவிதர் வந்தார். இடது காதுக்குப் பின்னால் ஒரு கொத்தை நான் கையால் பொத்திக்கொண்டேன். எல்லோரும் பார்க்கிறார்கள்.

"என்னடி இது, பிள்ளைக்கு எலிவால் மாதிரி?" என்றாள் பெரியம்மா.

"இருக்கட்டும்."

"ஊரே சிரிக்கும்டி!"

"சிரிக்கட்டும்."

வில்மரின் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஊரும் சிரிக்கத்தான் சிரிக்கிறது. மொட்டைத் தலையில் பக்கவாட்டில் முழ நீளத்துக்கு ஒரு பின்னல், பார்க்கச் சகிக்கவில்லை. பிள்ளை தினம் காலையில் அதைப் பிடித்துக்கொண்டு "இது யாரோடது?" என்று கேட்கிறாள். "அந்த மீனம்மாவோடது, அவங்க வந்துதான் வெட்டணும்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது வேறு யாரையும் தொட விடுவதில்லை. அதனால் சீக்கிரம் வந்து தொலை.

ஆறாம் நாள், சனி: பகல் பதினொரு மணி. கத்தரிக்கோலை நீ கொண்டுவராதே, விமானத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். நான் கொண்டுவருகிறேன். இந்தத் தடவையும் வரிசையை விட்டு விலகினாயானால் அங்கேயே, விமான நிலையத்திலேயே, நானே வெட்டிவிடுவேன்.

நான் வந்து நிற்பேன். அட்டை பிடிக்க மாட்டேன். பிள்ளையின் தலையைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்.

மார்லேனி